பதிலைத் திணிக்காத கேள்வி

அலுவலகத்தில் அவளுக்கு ‘ரிட்டர்ன் மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். மருத்துவமனைகளிலிருந்து வரும் நோயாளிகளின் பதிவுகளைக் கணினியில் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போடுவதுதான் அங்கே வேலை. மற்றவர்கள் கிடைத்ததை வைத்து எண்ணைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள், டாக்டர் எழுதியது போதவில்லை என்றால், கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

மனநலப் பதிவுகள் எல்லாம் அவள் தலையில்தான். ‘பைபோலார்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு டாக்டர்கள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மனநிலை இப்போது ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, எவ்வளவு கடுமை, இல்லை மருந்தால் அடங்கி இருக்கிறதா என்று தெரியாமல் சரியான எண்ணைப் போட முடியாது. விவரம் இல்லாதவற்றுக்கென்றே ஒரு பொது எண் உண்டு. அதைப் போடுவது, கழுவாத பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பது மாதிரி அவளுக்கு.

ஆனால் கேள்வி கேட்பதற்கும் ஒரு கண்டிப்பான விதி இருந்தது: கேள்விக்குள்ளேயே பதில் இருக்கக் கூடாது. ‘லித்தியம் மாத்திரை கொடுக்கப்படுகிறது, தூக்கம் குறைவு என்று நர்ஸ் எழுதியிருக்கிறார், உங்கள் கருத்து என்ன’ என்று கேட்கலாம். ‘நோய் திரும்பிவிட்டதுதானே’ என்று கேட்கக் கூடாது. கண்ணில் பட்டதைச் சொல்லலாம். முடிவு கட்டுவது டாக்டரின் வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

வீட்டில் அவள் தம்பிக்கும் இதே நோய். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்கிறவன், நல்ல கைக்காரன். இளவயதில் முதல்முறை வந்தபோது தூக்கமே இல்லாமல் வீட்டில் இருந்த மின்சாதனங்களையெல்லாம் பிரித்துப் போட்டான். பக்கத்து வீட்டுப் பெட்டியையும் விடவில்லை. பிறகு அதே ஆள் பல மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பெற்றோர் போன பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டான். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறான், சில வருடங்களாகத் தொந்தரவில்லை.

இப்போது, வேலை பார்க்கும் கடைக்கு மேலே காலியாகும் அறையில் தனியாகக் குடியிருக்கப் போகிறேன் என்றான். அவளுக்கு இஷ்டமில்லை. டாக்டர் சரி என்றால் போ என்று சொல்லிவைத்தாள். அவள் கணவர் மட்டும், “போகட்டும்மா, எனக்கும் பாத்ரூம் நேரத்துக்குக் கிடைக்கும்” என்றார்.

டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்க நெருங்க அவள் கண் தம்பி மேலேயே இருந்தது. குளிக்கும்போது பாடினான். கேட்காமலே மின்விசிறிகளைத் துடைத்தான். ஒரு நகைச்சுவைக்கு, மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் சிரித்தான். அவள் மனசுக்குள் எண் போட்டுவிட்டாள்: மறுபடி ஆரம்பித்துவிட்டது. டாக்டரிடம் அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சொன்னால் அறை போச்சு, அவளுக்கு நிம்மதி.

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் டீம் லீடர் அவளை அழைத்தாள். இவளைவிடச் சின்னப் பெண், இவளிடமே வேலை கற்றவள். ஒரு டாக்டருக்கு இவள் அனுப்ப இருந்த கேள்வி திரையில் இருந்தது. ‘நோயாளி அதிகமாகப் பேசுகிறார் என்பதால் இது நோய் திரும்பிய நிலைதானே?’

“அக்கா, இதை எப்படி அனுப்புறது? நீங்களே பதிலைச் சொல்லிட்டு டாக்டரைக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களே.”

அவள் நாற்காலிக்குத் திரும்பி, கேள்வியை மாற்றி எழுதினாள். எழுதும்போது அந்த நோயாளியின் முகம் அவளுக்குத் தம்பியின் முகமாகவே வந்துகொண்டிருந்தது.

மறுநாள் டாக்டர் தம்பியிடம் தூக்கம் எப்படி என்று கேட்க, பழக்கதோஷத்தில் இவள் வாயைத் திறந்தாள். டாக்டர் கையமர்த்தி, அவனே சொல்லட்டும் என்றார். அவன் சொன்னான். பிறகு டாக்டர் இவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க கூடவே இருக்கீங்க. என்ன பாக்கறீங்க?”

‘ஆரம்பிச்சிடுச்சு’ என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிக்கொண்டாள். பார்த்ததை மட்டும் சொன்னாள். பாடுகிறான். ஃபேன் துடைக்கிறான். நிறையச் சிரிக்கிறான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், ஆனால் பாதிப் பதிவைக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. நேரத்துக்குப் படுக்கிறான், அலாரம் அடித்தும் எழுவதில்லை. வேண்டாத செலவு இல்லை. கடையில் எடுத்த வேலையைப் பாதியில் விடவில்லை. சொல்லச் சொல்ல, தான் கட்டிவைத்திருந்த முடிவு தன் வாயாலேயே கலைவது அவளுக்கே கேட்டது.

டாக்டர் இன்னும் சில கேள்விகள் கேட்டார், இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். நோய் அடங்கி இருக்கிறது, மாத்திரை தொடர வேண்டும், தனியாக இருக்கலாம், தூக்கம் குறைந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்றார்.

பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். தம்பி சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

“நீ போட்டுக்குடுப்பேன்னு நெனச்சேன்கா.”

“நெனச்சேன்டா.”

“தெரியும். அதனாலதான் ரெண்டு நாளா பாடலை. உன் வீட்ல எனக்கு அழக்கூட பயமில்ல. சிரிக்கத்தான் பயம்.”

அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். பேருந்து வந்தது, அவனுக்கு முன்னால் ஏறி, அவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டிலைத் தூக்கிக்கொண்டு தம்பியும் அவள் கணவரும் கடை மாடிப்படியில் ஏறினார்கள். பாதியில் திருப்பத்தில் கட்டில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கணவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, உன் அக்காவைக் கட்டினதிலிருந்து இதே நிலைமைதான் என்றார். தம்பிக்குச் சிரிப்புப் பீறிட்டது. கட்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். நிறுத்தவில்லை.

மெத்தையைக் கட்டிப்பிடித்தபடி கீழ்ப்படியில் நின்றவளுக்கு உள்ளே ஏதோ துணுக்கென்றது. அது அடங்கும்வரை நின்றாள்.

“ஊருக்கெல்லாம் மிஷின் பிரிக்கிறவனுக்கு ஒரு கட்டில் பிரிக்கத் தெரியலையா? முதல்ல காலைக் கழட்டுங்க, அப்புறம் சிரிங்க” என்றாள்.