மாப்பிள்ளையின் இடப்பக்கம்

"ஆர்ர இடப்பக்கம்?"

கந்தப்போடி மாமா இதைக் கேட்டபோது வெடிச்சத்தம் இன்னும் சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. யாருடைய இடப்பக்கம் என்றுதான் கேட்டார். வாயைத் திறந்தேன், குளிர்தான் உள்ளே போனது.

மாமா என் அம்மாவின் தம்பி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயலும் காடும் ஒட்டிக் கிடக்கும் ஓர் ஊரிலிருந்து 1985இல் ரொறன்ரோவுக்கு வந்தார். அங்கே வயல் செய்தவர். வெள்ளாமை வெட்டி முடிந்ததும் அண்ணன்மாரோடு மரை என்னும் பெரிய மானை வேட்டையாடப் போனவர். இங்கே கோழி வெட்டும் பக்ரறி ஒன்றில் வேலை. நகரின் கிழக்கே மல்வேர்னில் எங்கள் வீட்டு பேஸ்மன்ற் அறையில் இருந்தார். மனோரஞ்சிதம் மாமியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். மாமாவின் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். விசாரணை 1987 நவம்பரில் என்று சொல்லியிருந்தார்கள். "அதுவரைக்கும் எந்த வழக்கிலும் உங்களுடைய பெயர் அடிபடக்கூடாது" என்று லோயர் சொன்னார். மாமா அன்றிலிருந்து சிவப்பு விளக்கில் ஒரு கார்கூட இல்லாத தெருவையும் கடக்கமாட்டார்.

நான் அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். ஓரிடத்தில் இருந்து படிக்க என்னால் முடியவில்லை. காலையில் டோனற் கடையில் வேலை. மிச்ச நேரத்தில் மாமாவுக்கு மொழிபெயர்ப்பு. அதனால்தான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

மாமாவின் பக்ரறியில் பேர்ணடெற் என்றொரு பெண் மேற்பார்வையாளராக இருந்தார். கனடாவின் வடக்கே காட்டுப் பக்கத்தில் பிறந்தவர். பக்ரறியில் எல்லோரும் மாமாவைக் 'கண்டி' என்று கூப்பிடுவார்கள். அவர்களுக்கு அது இனிப்பின் பெயர். மாமாவுக்கு அது, தான் ஒரே ஒரு தடவை பார்த்த ஊர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேர்ணடெற் வேட்டையைப் பற்றிப் பேச, மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே விரித்துக் கொம்பு காட்டி, மூக்கால் ஒரு சத்தம் போட்டிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேசையில் அடித்துச் சிரித்தார்களாம். பேர்ணடெற் சிரிக்கவில்லை. "இந்த மனுசனை நான் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்" என்றாராம்.

பேர்ணடெற்றுக்கு அந்த வருட அரசாங்கக் குலுக்கலில் மூஸ் என்னும் இராட்சத மானைச் சுட அனுமதி விழுந்திருந்தது. ஆண் மூஸ் ஒன்றுக்கு மட்டும்; கொம்பு ஆணுக்குத்தான். பெண்ணைச் சுட்டால் வழக்கு, தண்டப்பணம், துப்பாக்கியும் போய்விடும். மாமா துப்பாக்கியைத் தொடக்கூடாது, பார்த்துச் சொல்ல மட்டும் வரலாம் என்று லோயரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் புறப்பட்டோம்.

1987 ஒக்ரோபர், தாங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த சனிக்கிழமை. எங்களை ஏற்றிக்கொண்டு போனவர் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், ரக்ஸி ஓட்டுபவர். வேட்டையில் அவருக்கு அக்கறை இல்லை, இறைச்சியில் இருந்தது. பேர்ணடெற் தந்திருந்த செம்மஞ்சள் தொப்பியையும் அங்கியையும் மாமா போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து அண்ணை கைகூப்பினார்.

"அரோகரா! கதிர்காமத்துக்கே போறியள் சாமி?"

"பேசாம ஓட்டுங்க. கண்ணுக்குத் தெரியாமப் போனா மனிசனையே சுட்டுப்போடுவானுகளாம்."

"அண்ணை, உது உங்கடை ஊர் மரை இல்லை. மரை உதின்ரை வயித்துக்குள்ளை நிக்கும்" என்றார் ஸ்ரீ அண்ணை.

"வயிறு பெரிசெண்டா என்ன, கால் நாலுதானே?"

கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் மாமா எனக்கு ஒரு விஷயம் சொன்னார். காட்டுக்குள் மிருகத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. பெயர் சொன்னால் அதற்குக் காது கேட்டுவிடும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆணுக்கு மாப்பிள்ளை, பெண்ணுக்குப் பொம்பிளை, அதாவது மணப்பெண்.

"மூஸுக்குத் தமிழ் விளங்குமா, மாமா?"

"நமக்கு இங்கிலீசு விளங்காம இரிக்கிறம்தானே. அதுக்கு எதெது விளங்குமெண்டு நமக்கென்ன தெரியும்?"

"பாத்தியோ பிள்ளை, ஒருவழியா உன்னைய மாப்பிள்ளை பாக்கக் கூட்டிக்கொண்டு போறார்" என்றார் ஸ்ரீ அண்ணை. அம்மா எனக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஆவணியில் நடந்த ஒரு கலியாணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். என் சிநேகிதி சந்திரவதனாவுக்கு நான்தான் தோழி. தாலி கட்டியபின் பெண்ணை மாப்பிள்ளையின் இடப்பக்கத்தில் இருத்த வேண்டும். நான் மணவறைக்கு முன்னால் அவர்களைப் பார்த்தபடி நின்றேன். என் இடக்கைப் பக்கம் எதுவோ அந்தப் பக்கமாக அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபம் முழுக்கக் கேட்க அம்மா கத்தினார்: "மாப்பிள்ளைக்கு இடப்பக்கம், புள்ள! உனக்கு இல்ல!" ஐயர்கூடச் சிரித்துவிட்டார். வீடியோவிலும் இருக்கிறது. அதன்பின் அந்தப் பாடத்தை நான் மறக்கவே இல்லை. வந்த வினையே அதுதான்.

பேர்ணடெற்றின் தமையனுடைய மரவீட்டில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் ஸ்ரீ அண்ணை அடுப்பை விட்டு அசையமாட்டேன் என்றார். தமையன் வேறொரு பக்கமாகப் போனார். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் பேர்ணடெற் துப்பாக்கியோடு இருந்தார். அவருக்குப் பின்னால் உயர்ந்திருந்த பாறையில் மாமாவும் நானும். அவருக்கு முன்னால் பற்றைப் புதர். அதற்கு மேலால் முழுவதும் எங்களுக்குத்தான் தெரியும், அவருக்கு இடைவெளிகளால் மட்டும். இரண்டு மூஸ் சேர்ந்து வந்தால் ஆண் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தக் கையை நான் தூக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

சதுப்பிலிருந்து பனிப்புகார் எழும்பிக்கொண்டிருந்தது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. என் கால் விரல்கள் இருக்கின்றனவா என்றுகூடத் தெரியவில்லை. திடீரென்று மாமா என் முழங்கையைப் பிடித்தார். அக்கரையில் இரண்டு கறுப்பு உருவங்கள், எங்களைப் பார்த்தபடி. பனிப்புகாருக்குள் எனக்குக் கொம்பு ஒன்றும் தெரியவில்லை; இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

"ரெண்டு பேரும் சோடியா வந்திரிக்காங்க" என்றார் மாமா, காற்றைவிட மெதுவாக. "பொம்பிளை இடப்பக்கம்."

மாப்பிள்ளைக்கு இடப்பக்கம், உனக்கு இல்ல. அம்மாவின் குரல்தான் எனக்குள் கேட்டது. அவை எங்களைப் பார்த்து நிற்கின்றன. அப்படியென்றால் பெண் எங்களுக்கு வலப்பக்கம், ஆண் இடப்பக்கம். திரும்பிப் பார்த்த பேர்ணடெற்றுக்கு நான் இடக்கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் முன்னால் திரும்பினார். சிறிது நேரம் சென்றது. பிறகு வெடித்தது.

இரண்டு உருவங்களும் காட்டுக்குள் மறைந்தன. கொப்புகள் முறியும் சத்தம் கேட்டது; பிறகு அதுவும் இல்லை.

மாமா என் இடக்கையைப் பார்த்தார். அது இன்னும் மேலேதான் இருந்தது.

"ஏன் புள்ள இந்தக் கையைத் தூக்கின நீ?"

"நீங்கதானே பொம்பிளை இடப்பக்கம் எண்டு சொன்னீங்க."

"ஆர்ர இடப்பக்கம்?"

அவர் சொன்னது எங்கள் இடப்பக்கத்தை. அவருக்கு அது கலியாணம் இல்லை, வேட்டை. பெயரைத்தான் மாற்றியிருந்தார், பக்கத்தை மாற்றவில்லை. நான் கலியாண மண்டபத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று விளங்கியதும் தூக்கிய கையை இறக்கினேன்.

பேர்ணடெற் பின்னால் திரும்பாமலே ஒரு கையை விரித்துக் காட்டினார்: இருந்த இடத்தில் இருங்கள். வெடிபட்ட மிருகத்தை உடனே துரத்தக்கூடாது. துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும், விட்டால் படுத்துவிடும். மாமாவின் ஊரிலும் அதே வழக்கம்தான். ஆகவே நாங்கள் அந்தப் பாறையில் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் நான் அசையாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

"மாமா, நான்தான் பிழையாக் காட்டினதெண்டு சொல்லுறன். எனக்கு இங்க இரிக்கப் பேப்பர் இரிக்கு. என்னை ஒண்டும் செய்யமாட்டாங்க."

"பாத்துச் சொல்ல வந்தவன் நான்."

"நீங்க சரியாத்தானே சொன்னீங்க!"

"விளங்குற மாதிரிச் சொல்லல்லியே." மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அந்த மனிசி என்னை நம்பிக் கூட்டி வந்தது. அதின்ர துவக்கும் போய், வழக்கும் வந்தா, நான் ஒண்டும் தெரியாதவன் மாதிரிக் காருக்குள்ள போய் இரிக்கவா? ஆரும் கேட்டா உள்ளதைச் சொல்லுவன்."

"விசாரணை?"

அவர் சதுப்பைப் பார்த்தார். "ரஞ்சிதம் போனமுறை ரெலிபோனில கேட்டது, பிள்ளையளுக்குக் குளிர்ச் சட்டை இப்பவே தைக்கக் குடுக்கிறதா எண்டு. குடு எண்டுட்டன்."

தொப்பியை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

பேர்ணடெற் எழும்பிக் கைகாட்டியதும் இறங்கிப் போனோம். நான் அவருக்கு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார். அக்கரையில் இலைகளில் இரத்தம் இருந்தது. சேற்றில் குளம்படிகள், ஒன்றின்மேல் ஒன்றாக. மாமா குனிந்து பார்த்தார். அவருடைய முகத்திலிருந்து எதையும் அறிய முடியவில்லை. பிறகு கேட்டபோது, கண் இருட்டிவிட்டது, சேறு மட்டும்தான் தெரிந்தது என்றார்.

கொஞ்சத் தூரத்தில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அதற்கு அப்பால் கறுப்பாக ஒரு மலை. முதுகும் வயிறும்தான் தெரிந்தன. தலை மரத்துக்கு மற்றப் பக்கம். பேர்ணடெற் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு போய், அசைகிறதா என்று பார்த்து, அசையவில்லை என்று தலையாட்டினார். மாமா நின்ற இடத்திலேயே நின்றார்.

"நீ போய்ப் பார், புள்ள."

நான் மரத்தைச் சுற்றிப் போனேன். முதலில் பார்த்தது காதை. அதற்கு மேலே, இரண்டு பக்கமும் விரித்த கை மாதிரி, நான் படுத்தால் தாங்கக்கூடிய அகலத்தில்...

"கொம்பு! மாமா, கொம்பு!"

மாமா அப்படியே சேற்றில் குந்திவிட்டார். "கொம்பெண்டும் பேர் சொல்லிக் கத்தாத" என்றார். பிறகு தனக்குத்தானே, "இனிக் கத்தினா என்ன" என்றார். அதன்பின் அழுதாரா சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே சத்தமாகத்தான் வந்தது.

பேர்ணடெற் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் மணவறையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு விளங்க வெகுநேரம் பிடித்தது.

"நீ இடக்கையைத் தூக்கினாய். நான் இடப்பக்கம் பார்த்தேன். கொம்பு இல்லை. அவன் வலப்பக்கம் நின்றான், தலையை அக்கரைப் பற்றைக்குள் வைத்துக்கொண்டு. தலையைத் தூக்கும்வரை காத்திருந்துதான் சுட்டேன்." பிறகு, கொஞ்சம் கோபத்தோடு: "நீ கைகாட்டியது நான் எங்கே பார்க்க வேண்டும் என்பதற்கு. கொம்பை என் கண்ணால் பார்க்காமல் நான் சுடுவேன் என்றா இருவரும் நினைத்தீர்கள்?"

மாமாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் எழும்பி, சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "தாங்க்யூ, பேர்ணடெற். தாங்க்யூ." பேர்ணடெற் அனுமதி அட்டையைக் கொம்பில் கட்டும்போது மாமா என்னைச் சுரண்டினார்.

"அதில ஆண் எண்டுதான் எழுதியிரிக்கா? வடிவாப் பார்."

மரவீட்டுக்குத் திரும்பியதும் ஸ்ரீ அண்ணை கதையைக் கேட்டுவிட்டு, அகப்பையோடு நிலத்தில் குந்திச் சிரித்தார். "நல்ல காலம், பேர்ணடெற்றுக்குத் தமிழ் விளங்கேல்லை. விளங்கியிருந்தா ஐயரைக் கூப்பிடச் சொல்லியிருப்பா."

இறைச்சியைத் தொங்கவிட்டு, வெட்டி முடிய, கந்தசஷ்டி தொடங்கிவிட்டது. எங்கள் பங்கு வாசற்படிகூட ஏறக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அது பேர்ணடெற்றின் பிறீசரில் விரதம் முடியும்வரை இருந்தது. பாரணை கழிந்த ஞாயிறு பேர்ணடெற்றும் தமையனும் வந்தார்கள். ஊர்க் கறித்தூள் போட்டு மாமா தன் கையால் சமைத்தார். தமையன் மூக்கைத் துடைத்துத் துடைத்து மூன்றாம் தரமும் வாங்கினார்.

நவம்பர் விசாரணையில், கனடாவில் ஏதாவது வழக்கில் அகப்பட்டீர்களா என்று கேட்டார்கள். "இல்லை" என்று சொல்லும்போது தனக்கு அந்தக் கொம்புதான் கண்ணில் நின்றது என்றார் மாமா. அடுத்த வருடம் கோரிக்கை ஏற்கப்பட்டது. இந்த வருடம், 1989 சித்திரையில், மாமியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். பிள்ளைகள் ஊரில் தைத்த குளிர்ச் சட்டையைப் போட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சட்டைக் கை கட்டையாகிவிட்டது. விமான நிலையத்தில் ஸ்ரீ அண்ணை கமராவைத் தூக்கினார்.

"அக்கா, பொம்பிளை இடப்பக்கம் நிக்கவேணும்!"

மாமி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் அறியாமல் கேட்டார்: "ஆர்ர இடப்பக்கம்?"

நாங்கள் ஏன் அப்படிச் சிரித்தோம் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. அந்தப் படம் எங்கள் ஹோலில் தொங்குகிறது. மாமி மாமாவுக்கு இடப்பக்கம் நிற்கிறார். பார்க்கிற உங்களுக்கு வலப்பக்கம்.

இதை வாசித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். முக்கியமாக, விசாரணைக்குக் காத்திருந்து நித்திரை வராமல் இருக்கும் யாரையாவது தெரிந்தால் அவருக்குச் சொல்லுங்கள். மாப்பிள்ளை தலையைத் தூக்கும்வரை பேர்ணடெற் காத்திருந்ததை விட்டுவிடாமல் சொல்லுங்கள். எந்தப் பக்கம் என்று வரும்போது மட்டும், ஆருடைய பக்கம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.