நாஹும் கேட்ட ஆறடி

இஸ்ரேலில் எல்லாமே பொதுவாக வைத்து வாழும் கூட்டுப்பண்ணை ஊர் அது; அந்தக் கிப்புட்ஸின் பொதுக்கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தாலே அதிகம். அந்தச் சனிக்கிழமை மாலை சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. பேரும் புகழும் வந்ததும் ஊரை விட்டுப் போன நாவலாசிரியன் நாஹும் ஷிலோனி, கிழவனாகித் திரும்பி வந்து ஓர் இடம் கேட்டான். செத்தால் தன்னை இங்கே, பெற்றோர் பக்கத்தில் புதைக்க வேண்டும். உறுப்பினர் அல்லாதவனுக்கு இடுகாட்டில் இடம் தர ஓட்டெடுப்பு வேண்டும்.

ஹெம்தா கடைசி வரிசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் சலவைக்கூடத்தில் ஊர்ச் சட்டைகளைத் துவைத்து மடித்தவள். நாஹுமின் சட்டைகளும் அவற்றில் உண்டு.

அவன் முதல் நாவலில் சலவைக்கூடத்துப் பெண் ஒருத்தி வருகிறாள். குழந்தைகள் இல்லத்தில் அவள் மகன் காய்ச்சலில் அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறான். அவள் தன் அறையில் நன்றாகத் தூங்குகிறாள். பெயர் மட்டும் வேறு. கன்னத்து மருவும் சாய்ந்த நடையும் ஹெம்தாவுடையவை. அந்தப் பக்கத்தின் மொழி நன்றாகவே இருக்கிறது. பொய் நிலைப்பதற்கு அதுவும் தேவைப்படுகிறது.

மகன் யிகால் அந்த நாவலைப் பட்டாளத்தில் இருந்தபோது படித்தான். விடுப்பில் வந்தவன், "தூங்கினியா?" என்று கேட்டான். அவள் சொன்னதை நம்பவில்லை. ஹைஃபா நகரத்துக்குக் குடிபோனவன் பஸ்கா பண்டிகைக்குக்கூட வருவதில்லை.

நடந்தது வேறு. அப்போதெல்லாம் கிப்புட்ஸில் குழந்தைகள் பெற்றோருடன் தூங்குவதில்லை; எல்லோரும் பொது இல்லத்தில்தான், இரவில் பெற்றோர் உள்ளே வரக்கூடாது. இல்லத்துக்குக் காவல் முறைவைத்து மாறும். மகனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று காவல் நாஹும். மழையில் வந்து கதவைத் தட்டியவளை, "சட்டம்னா சட்டம்தான், போய்ப் படு" என்று திருப்பி அனுப்பியவன் அவன்தான். அவள் போகவில்லை. விடியும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

"யாராவது பேசணுமா?" என்றாள் செயலாளர் எஃப்ராத்.

ஹெம்தா எழுந்தாள். "அன்னிக்கு நான் வந்தேனா இல்லையா நாஹும்? அதை மட்டும் எல்லார் முன்னாடியும் சொல்லு. நானே முதல்ல கை தூக்கறேன்."

இங்கே பேசினது மறுநாளே ஹைஃபாவுக்குப் போய்ச் சேரும். அது அவளுக்குத் தெரியும்.

நாஹும் வாசகர்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பைச் சிரித்தான். "அது நாவல், ஹெம்தா. அவ நீ இல்ல."

"மரு என்னோடது."

"அப்ப மருவுக்கு ராயல்டி கேளு" என்றான் டிராக்டர் ஓட்டும் பெரெட்ஸ். கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"வந்தேனா?"

"எத்தனை வருஷம் ஆச்சு. எனக்கு ஞாபகம் இல்ல."

"மழை பேஞ்ச சத்தம் ஞாபகம் இருந்து ரெண்டு பக்கம் எழுதியிருக்க. கதவைத் தட்டின சத்தம் மட்டும் மறந்துபோச்சா?"

"வயசானவர், ஹெம்தா" என்றாள் எஃப்ராத். "ஆறடி மண்ணுதானே கேக்கறார்?"

"எனக்கும் அதே வயசுதான்."

கல்லறையைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், விருந்தினர் அறைகள் நிரம்பும் என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். கைகள் எழுந்தன. வேண்டாம் என்று எழுந்தது ஒரே கை. அதில் ஆரஞ்சுச் சாறு வழிந்துகொண்டிருந்தது.

அறைக்குப் போனதும் யிகாலுக்குப் போன் செய்தாள்.

"இந்த இடுகாட்டுல எனக்கு இடம் வேண்டாம். ஹைஃபாவுல ஒண்ணு பார்த்து வை."

"அப்பாவை அங்கதானே புதைச்சிருக்கு? ஏன்?"

"அன்னிக்குக் காவல் இருந்தவனும் இங்கதான் வரப்போறான். உக்காரு, சொல்றேன். நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்."