கருங்கல் தங்கராஜ் கொடுத்த ஐந்து நட்சத்திரம்

போன திங்கள்கிழமை என் அண்ணன் ஜோஸின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கல்யாண வேலைகள் தலைக்கு மேல் கிடந்தபோது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கருங்கல் என்ற ஊரின் சந்தையில், முன்பின் தெரியாத ஒரு மனிதரைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன். அவர் இன்டர்நெட்டில் ஒரு பிரேக் செட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார் – அதற்காக!

அண்ணன் வளைகுடாவில் வேலை பார்க்கிறவன். அங்கே ஒரு கார் கண்காட்சியில் ‘ஹாட் ராட்’ என்ற வஸ்துவைப் பார்த்துவிட்டான். வேறொன்றுமில்லை... பழைய கார், அதற்குள் பெரிய எஞ்சின், அகலமான டயர், தெருவையே எழுப்புகிற சைலன்சர். லீவில் வந்த கையோடு அப்பாவின் அம்பாசடரை மார்த்தாண்டத்தில் ஒரு ஷெட்டில் கொண்டுபோய் விட்டான். வெள்ளையாகப் போன கார் சிவப்பாகத் திரும்பி வந்தது. பானெட்டில் மஞ்சள் தீ வேறு. உள்ளே எல்லாம் புதுசு, பிரேக்கைத் தவிர.

அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான். பெண்ணுக்கு ஊர் சிதறால் மலைப் பக்கம். கல்யாணம் முடிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த இறக்கத்தில் தானே ஓட்டி வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

இறக்கம். பெரிய எஞ்சின். சின்ன எஞ்சினுக்காகச் செய்த பழைய டிரம் பிரேக். நானோ ஓர் இரும்பு வார்ப்பாலையில் தரப் பரிசோதனை செய்கிறவள். இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா?

“முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடாம அந்தப் பிள்ளைய இதுல ஏத்தப்பிடாது” என்றேன்.

“மார்த்தாண்டம் ஜங்ஷன்ல பிரேக்கு எதுக்குட்டி? எல்லாவனும் வண்டிய நிப்பாட்டித்தான வச்சிருக்கான்!”

“சிதறால் எறக்கத்துல?”

அண்ணன் லேப்டாப்பைத் திறந்தான்.

அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் செட் ஆன்லைனில் கிடைக்கிறது. நல்லதா, கெட்டதா? தொட்டுப் பார்க்க முடியாத பொருளிடம் நான் கேட்கிற கேள்விகள் சில உண்டு. எடை போட்டிருக்கிறதா? எந்த உலோகம் என்று சொல்லியிருக்கிறதா? ஒரே போட்டோவை வேறு கடைக்காரரும் போட்டிருக்கிறாரா? எல்லாவற்றையும்விட முக்கியம்... பின்பக்கத்துக்குப் போட்டோ உண்டா? முன்பக்கம் பெயின்ட் பூசிச் சிரிக்கும். வார்ப்பில் விழுந்த குழியும் வெல்டிங்கின் லட்சணமும் முதுகில்தான் தெரியும்.

அந்தச் செட்டில் என் கண் பிராக்கெட்டின் மேல்தான் இருந்தது. பிரேக்கை அச்சோடு சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டு அது. ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது பாரம் முழுக்க அதன்மேல்தான் விழும். அது உடைந்தால் மிதியை எவ்வளவு மிதித்தும் பிரயோஜனம் இல்லை. கடைக்காரர் அதை நாலு கோணத்தில் படம் பிடித்துப் போட்டிருந்தார். நாலும் முன்பக்கம்!

அண்ணன் அதையெல்லாம் பார்க்கவில்லை. நேராகக் கீழே, வாங்கியவர்கள் கருத்துக்குப் போனான். லூதியானா, புனே, கோயம்புத்தூர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான்.

“மக்கா, இஞ்ச பாரு! தங்கராஜ், கருங்கல். அஞ்சு ஸ்டாரு. ‘நல்ல சாதனம்’னு போட்டிருக்காரு.”

“அதுக்கு?”

“நம்ம ஊருக்காரன் ஒரு சாதனத்த வாங்கிட்டு நல்லதுண்ணு சொல்லி நீ கேட்டிருக்கியா?”

யோசித்துப் பார்த்தேன். நியாயம்தான்! மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, மரச்சீனிக் கிழங்கை ஒடித்துப் பார்த்து, தேங்காயைக் காதோரம் குலுக்கிப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்குகிற ஜனம் நாங்கள். அதில் ஒருவர் வாய் திறந்து பாராட்டுகிறார் என்றால்... என் பரிசோதனைக்கூடச் சான்றிதழைவிட அது உசத்தி.

ஆனாலும் பின்பக்கத்தைப் பார்க்காமல் எனக்கு மனம் ஆறாது. கருங்கல் என்ன லூதியானாவா? போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆர்டர் போடலாம் என்று கிளம்பிவிட்டோம்.

சந்தை முக்குச் சாயாக்கடையில் விசாரித்தோம்.

“எந்தத் தங்கராஜ்? பஸ் டிரைவரா, பாத்திரக்கடையா, கோயில்ல பாட்டுப் படிக்கியவரா?”

“கூரியர்ல பெரிய பெட்டி ஒண்ணு வந்திருக்கும்...”

“பெட்டித் தங்கராஜா! பாத்திரக்கடைதான். ஏத்தத்துக்கு மேல வீடு.”

ஒரு பார்சல் வாங்கினால் போதும், எங்கள் ஊரில் பெயரே மாறிவிடும்.

தங்கராஜ் அண்ணன் வீட்டில் இருந்தார். வாசலில் அவருடைய வெள்ளை அம்பாசடர், கம்பெனியில் இருந்து வந்த அதே கோலத்தில். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், அவர் மனைவி மேரி அக்கா அவித்த மரச்சீனியையும் மீன்கறியையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். சாப்பிட்ட பிறகுதான் விஷயத்துக்கு வர முடிந்தது.

“பிரேக்கு எப்பிடிண்ணா இருக்கு?” என்று அண்ணன் ஆவலாகக் கேட்டான்.

“பிரேக்கா? இன்னும் மாட்டல்லியே! பெட்டி கட்டிலுக்கு அடியில கெடக்கு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “பின்ன... அஞ்சு ஸ்டாரு?”

“அந்தக் கூரியர் பய பெட்டியத் தோளுல தூக்கிவச்சு, மழையில இந்த ஏத்தம் ஏறி வந்தான் மக்களே. ஒரு சாயா குடிடேன்னு சொன்னேன், நேரமில்லண்ணு ஓடியாச்சு. அண்ணைக்கே போன்ல கேக்குது, எத்தன ஸ்டாருண்ணு. அவனுக்க மொகத்த நெனச்சா நாலு குடுக்க மனசு வருமா?”

மேரி அக்கா விடவில்லை. “எனக்க மீன்கறிக்கு மட்டும் உப்பு கூட, புளி கொறவுண்ணு சொல்ல நல்லா மனசு வரும்!”

எங்கள் ஆட்களைப் பற்றி எனக்கு அன்றுதான் ஒன்று புரிந்தது. வாங்குகிற வரைதான் நாங்கள் கறார். வீட்டுப் படியேறிவிட்ட பிறகு அது விருந்தாளி. விருந்தாளியை யாராவது குறை சொல்வார்களா?

பெட்டியைப் பிரித்தோம். பிராக்கெட்டை நூலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினேன். நல்ல வார்ப்பு மணி போல ஒலிக்கும். இது பலகையைத் தட்டியது போல் ‘டொக்’ என்றது. திருப்பி, முதுகுப்பக்கத்து பெயின்ட்டைச் சாவியால் சுரண்டினேன். உள்ளே சாம்பல் நிறத்தில் பட்டி உதிர்ந்தது – காரின் நசுங்கலை நிரவப் பூசுகிற அதே பட்டி. அதற்கும் அடியில், விரல்நகம் போகிற அளவுக்கு ஒரு குழி. போல்ட் துளையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், மாட்டுவதற்கு முன்பே!

பிராக்கெட்டைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தோம்.

“இதுலயா என்ன எனக்க அம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ இருந்திய?” மேரி அக்கா கணவரிடம் மெல்லத்தான் கேட்டார்.

தங்கராஜ் அண்ணனின் முகம் வாடிவிட்டது. “அப்ப நான் கள்ளச்சாட்சி சொல்லியாச்சு. என்ன நம்பி எவன் எவன் வாங்கினானோ...”

போனை எடுத்தார். ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார். நட்சத்திரத்தை ஒன்றாகக் குறைத்தார். ஆனால், அந்தக் குறை கூரியர்காரர் தலையில் விழுந்துவிடக் கூடாதே! அதனால் இப்படி எழுதினார்: ‘பெட்டி நல்ல பெட்டி. கொண்டுவந்தவன் தங்கமான பையன். உள்ளே இருக்கிற சாதனம் ஆகாது. யாரும் மாட்டாதீங்க.’

நான் படித்த அளவில் இணையத்தின் மிக நேர்மையான விமர்சனம் அது.

அண்ணன் கார்ச்சாவியை உருட்டிக்கொண்டிருந்தான். வேறு செட் தேடி, வாங்கி, மாட்டி, ஓட்டிப் பார்க்கக் கல்யாணத்துக்கு முன் நாள் இல்லை. சண்டை போடப்போகிறான் என்று நான் தயாராக இருந்தேன். அவனோ அந்த விரிசலை இன்னொரு தடவை தடவிப் பார்த்தான்.

“வேண்டாம் மக்கா. கார் வீட்டுலயே நிக்கட்டு.”

அவ்வளவுதான் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அவன்மேல் பாசம் பொங்கிவிட்டது. தங்கராஜ் அண்ணனுக்கும் என்னவோ ஆகியிருக்க வேண்டும்.

“எனக்க வண்டி இருக்குல்லா? பையத்தான் போவும். ஆனா நிப்பாட்டினா நிக்கும்.”

“நானும் வருவேன்” என்றார் மேரி அக்கா. “முன்னால இருந்து நான் சொன்னாத்தான் இவருக்குக் குழி தெரியும்.”

அவர் வண்டியின் டிரம் பிரேக்குகளைக் கழற்றச் சொல்லி, புது லைனிங் போட வைத்து, நானே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த பிறகுதான் சரி என்றேன்.

திங்கள்கிழமை, பெண்ணின் ஊர்ச் சர்ச்சில் கல்யாணப் பூசை முடிந்து அந்த வெள்ளை அம்பாசடர் புறப்பட்டது. முன்னால் தங்கராஜ் அண்ணனும் மேரி அக்காவும். பின்னால் மாப்பிள்ளையும் பெண்ணும். இறக்கம் முழுக்க “வலத்த பிடியும்”, “எனக்குத் தெரியும் கேட்டியா”, “என்னத்தத் தெரியும், குழி!” என்று ஒரே ரகளையாம். ஆட்டோக்காரர்கள்கூட முந்திக்கொண்டு போனார்களாம்.

அண்ணன் இதைச் சொல்லும்போது, வருத்தப்படுவான் என்று நினைத்தேன். முகமெல்லாம் சிரிப்பு! முதல் வளைவில் சிரிப்பை அடக்க முடியாமல் அண்ணி அவன் கையைப் பிடித்திருக்கிறாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை.

வேகமாக வந்திருந்தால் அந்தக் கை இவ்வளவு நேரம் கிடைத்திருக்குமா?