பொட்டு வைத்த சிலிண்டர்

காற்றுதான் எமன் என்று நம்பியிருந்தேன். கிராஃபைட் தூளைச் சுடும்போது கொஞ்சம் காற்று பட்டாலும் அத்தனையும் பாழ் என்று, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி, அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. லித்தியம் பேட்டரிக்குள் போகும் தூள் அது. சார்ஜ் ஏற்றி இறக்க இறக்க, உள்ளே இருக்கும் திரவம் தூளின் மேல்தோலை உரித்துவிடும். அந்தத் தோலை உறுதியாக்குவது என் வேலை. தாரைப் பூசிச் சுட்டேன். மூன்று முறையும், அதில் செய்த பேட்டரி செல் பத்து சார்ஜ் சுற்றுக்குள் படுத்துவிட்டது.

"பூஜைக்கு அப்புறமும் தேறலைன்னா இந்தப் பிரிவை மூடிடலாம்" என்றார் முதலாளி. பிரிவு என்றால் நானும், ஒரு அடுப்பும், அதை ஓட்டும் ஆளும். அடுப்பையாவது யாராவது வாங்குவார்கள்.

தாரும் தீர்ந்திருந்தது. வெறும் தூளையே சுட்டால் அழுக்காவது போகுமே என்ற மகத்தான திட்டத்தோடு இறங்கினேன். ஆயுத பூஜை அன்று மதியம் அடுப்பை அணைத்தேன். ஆறும்வரை காற்று புகாமலிருக்க நைட்ரஜனை ஓடவிட்டு, பூ வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் சிலிண்டருக்கு மாலை, சந்தனம், குங்குமம். வால்வு இறுக மூடியிருந்தது. பக்கத்தில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார் அடுப்புக்காரர், கள்ளிக்குப்பத்து ஆள்.

"யாருய்யா மூடினது?"

"நான்தான் அண்ணாத்தே. பூஜை அன்னிக்கும் அது ஓடிக்கினே இருக்கணுமா? சாமி கோச்சுக்காது?"

"அப்ப அடுப்பு எவ்ளோ சூடு?"

"முள்ளு ஐநூறுல இருந்துச்சு. கரித்தூள்தானே, அதுல கெட்டுப்போக இன்னா கீது?"

பொரியும் கடலையும் வாங்க நின்ற வரிசையில் நான் மட்டும் அழுதேன். கற்பூரப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருவதாக வேண்டிக்கொண்டேன். பற்றாதோ என்று ஏழாவது வாரத்தையும் சேர்த்தேன்.

விடுமுறை முடிந்து தூளை எடுத்து நிறுத்தால் எடை குறைந்திருந்தது. எரிந்தேவிட்டது! கொட்டிவிடலாம் என்றால் காட்டுவதற்கு வேறு எதுவும் இல்லை. அதையே செம்புத் தகட்டில் தடவி செல் செய்து, சார்ஜில் போட்டுவிட்டு, ராஜினாமாக் கடிதத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் பிழை.

செல் பத்துச் சுற்றைத் தாண்டியது. ஐம்பதிலும் நின்றது. கசிந்து புகுந்த காற்று தூளின் மேலிருந்த பலவீனமான விளிம்புகளை மட்டும் எரித்திருந்தது. மிஞ்சிய தோல் உரியவில்லை. பிரிவை மூடவில்லை.