கலருக்குத் தண்ணீர்

மாமாவின் இடது கையில் காதை வைத்தால் வண்டி ஓடும் சத்தம் கேட்கும். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறுபோலப் புடைத்திருக்கும் இடத்தில் காதை அழுத்தினால் உர்ரென்று ஓர் இரைச்சல். "என் டெம்போ எங்கயும் போவலடி, இதுக்குள்ளதான் ஓடிகினு கீது, கேளு" என்பார். தெருப்பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்போம். ஆஸ்பத்திரியில் ஊசி குத்துவதற்காக அறுத்து இணைத்த நரம்பு அது என்பதெல்லாம் எங்களுக்கு யார் சொல்வது? எங்களுக்கு அது டெம்போ.

மாமா என் அம்மாவின் தம்பி. பாகூருக்கும் டவுனுக்கும் இடையே டெம்போ ஓட்டியவர். இரண்டு கிட்னியும் கெட்டுப்போனதும் வண்டியை விற்றுவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள் காலையில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். அதற்கு அவர் வைத்த பெயர் 'வாட்டர் சர்வீஸ்'. சர்வீஸ் விட்ட வண்டி பளபளவென்று வரும். இவர் வெளுத்துப்போய் வந்து படுப்பார். அதுதான் வித்தியாசம்.

தினமும் காலையில் அம்மா ஓர் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து அவர் தலைமாட்டில் வைப்பாள். அன்றைக்கு அவருக்கு அவ்வளவுதான். அதையும் நான் கைப்பிள்ளையாக இருந்தபோது பால் குடித்த குட்டி டம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். "உங்கம்மா பார்டர் செக்போஸ்ட்டு மாதிரி. ஒரு சொட்டு தாண்ட வுடமாட்டா" என்று மாமா என்னிடம் கண்ணடிப்பார். அதிகம் குடித்தால் தண்ணீர் நெஞ்சில் ஏறி மூச்சு முட்டும் என்று அம்மா எனக்குச் சொல்லித்தான் வைத்திருந்தாள். ஆனால் புளியங்கொட்டையை முழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று சொன்னதும் அதே அம்மாதான். நான் முழுங்கிப் பார்த்திருந்தேன். முளைக்கவில்லை.

அது கோடை விடுமுறை. ஏரி வற்றியதும் அதன் நடுவில் கிரிக்கெட் ஆடுவோம். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து கிளப் வைத்திருந்தோம். அதில் நான் ஒருத்திதான் பெண், விக்கெட் கீப்பர். எங்களுக்கு முன்னாலேயே பெரிய பையன்களின் கிளப் ஒன்று இருந்தது. அவர்கள் பனியனில் சிங்கம் போட்ட லோகோ இருக்கும். "லோகோ இல்லாததெல்லாம் ஒரு டீமா? போங்கடா, போயி கோலி வெளையாடுங்க" என்று அவர்களில் ஒருவன் சொன்னது எங்கள் கேப்டனான எதிர்வீட்டுப் பையனைச் சுட்டுவிட்டது. மத்தியானமே எல்லோரும் மாமாவின் கட்டிலைச் சூழ்ந்துகொண்டோம். டெம்போவின் பின்கண்ணாடியில் பெயிண்டால் தானே எழுத்தும் ரோஜாப்பூவும் போட்டவர் அவர். ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஓவியர் அவர்தான்.

ஒருத்தனுக்குப் புலி வேண்டும். ஒருத்தனுக்கு மண்டையோடு, அதன் மேல் நெருப்பு. எனக்குக் கொக்கு. கேப்டனுக்கு பேட். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "எல்லாரையும் ஏத்துனா அது லோகோ இல்லடா, காலைல எட்டு மணி டெம்போ" என்றார். பிறகு என் பால் டம்ளரைக் கவிழ்த்து நோட்டின் மேல் வைத்து, அதன் விளிம்போடு பென்சிலைச் சுற்றச் சொன்னார். வட்டம் கிடைத்தது. வட்டத்துக்குள் என்ன போடுவது? "ஏரி போடலாம். ரொம்பி நிக்கிற ஏரி" என்றார்.

"இன்னா மாமா நீ, தண்ணி வந்தா நமக்கு கிரவுண்டே கெடையாதே" என்றான் கேப்டன்.

"அதான்டா கெத்து. தண்ணியிலயே நின்னு ஆடுற டீமு!"

அதற்கு மேல் பேச்சில்லை. ஏரி நடுவே ஒரு பேட் நிற்கும், அதன் உச்சியில் கொக்கு. பேட்டைக் கேப்டன் வரைந்தான். கொக்கு என் பங்கு. ஒரு கால் கோணிக்கொண்டது. அழிக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும் வுடு. நேரா நிக்கிற கொக்க யாரு பாக்கறாங்க? நொண்டிக் கொக்குன்னா ஊரே ஞாபகம் வெச்சிக்கும்."

அடுத்தது கலர். "ஒரு சொம்பு தண்ணி கொண்டா. பைப்புத் தண்ணி வோணாம், கலரு ஒட்டாது. பானைத் தண்ணி" என்றார். அம்மா இரண்டு மணி ஷிப்டுக்குக் கம்பெனிக்குப் போயிருந்தாள். நான் நிறைய மொண்டு கொண்டுவந்தேன். மாமா சொம்பை வாங்கி முதலில் தன் வாயில் வைத்தார்.

"கலரு கலக்குறவன் தண்ணிய ருசி பாக்கணும். உப்பு இருந்தா நீலம் பச்சையாயிடும்."

எங்கள் பக்கத்தில் கிணறெல்லாம் உப்பேறிக்கொண்டிருந்த காலம், ஆகையால் நம்பினோம். ஆனால் ருசி பார்க்கிற ஒருவர் அப்படிக் கண்ணை மூடிக்கொள்வாரா, தொண்டை அப்படி ஏறி இறங்குமா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. பாதிச் சொம்பு காலியாகிவிட்டது. "நல்ல தண்ணி" என்றார். கண் ஓரம் ஈரமாக இருந்தது. மிச்சத்தில் நீலத்தைக் குழைத்தோம்.

அந்த லோகோ ஒரே நாளில் முடியவில்லை, ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு மத்தியானமும் மாமா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏரி இன்னும் ரொம்பல" என்பார். நான் சொம்போடு ஓடுவேன். அவர் ருசி பார்ப்பார், நாங்கள் நீலத்தை ஒரு விரல் உயர்த்துவோம். பேட்டின் பாதி முழுகியது. பிறகு கைப்பிடி வரைக்கும் வந்தது. "மாமா, இன்னும் ஊத்துனா கொக்கு நீச்சலடிக்கணும்" என்றான் கேப்டன். மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

அந்த வாரம் மாமாவின் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. காலும் தடித்திருந்தது. நான் அம்மாவிடம், "மாமா தேறிட்டாரும்மா, குண்டாயிட்டாரு பாரு" என்று சந்தோஷமாகச் சொன்னேன். டவுன் ஆஸ்பத்திரியில் எடை போட்டுப் பார்த்து, உடம்பில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று திட்டி அனுப்பியிருந்தார்கள். அன்று அம்மா தம்பியின் முன்னால் நின்று கேட்டாள்: "டேய், தண்ணி குடிச்சியா?"

"எல்லாம் நீ ஆக்கிப் போடுற சோறுதான்க்கா. வேற இன்னா?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, மாமாக்கு தண்ணி குடுத்தியா?"

"இல்லம்மா" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. கலருக்குக் கொடுத்தேன். ருசி பார்ப்பது குடிப்பதில் சேராது. மாமா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை லோகோ முடிந்தது. கொக்கின் கோணல் கால் வரைக்கும் தண்ணீர். "போதும். ரொம்பிடுச்சி" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி கிடையாது. திங்கள்தான் அவருடைய முறை. ஆனால் ஞாயிறு மத்தியானமே அவரால் படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டவுனுக்குப் போகும் வழியில் தவளக்குப்பத்தைக்கூட உயிரோடு தாண்டவில்லையாம்.

கூடத்தில் கிடத்தியிருந்தபோது நான் அவர் கையில் காதை வைத்துப் பார்த்தேன். யாரோ என்னைத் தூக்கி வெளியே விட்டார்கள்.

வெளியே கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். டெம்போவில் சாய்ந்து நிற்கும் பழைய மாமா, மெலிந்த முகம். அதன் கீழ் மூலையில் எங்கள் லோகோ! சிங்கத்தைப் போட்டுக்கொண்டிருந்த அதே பெரிய பையன்கள்தான் கேப்டனின் நோட்டை வாங்கிப் போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். சோற்றுத்தட்டு அளவுக்கு, அத்தனை நீலமாக. நாங்கள் ஏழு பேரும் அதன் முன்னால் போய் நின்றுவிட்டோம். சொன்னால் வெட்கம்: எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் டீமுக்கு லோகோ வந்துவிட்டது, அதுவும் பேனரில்.

சோரியாங்குப்பத்திலிருந்து துக்கத்துக்கு வந்த பெரியம்மா ஒருத்தி வாசலில் நின்று, "இது இன்னா படம், யாரு போட்டது?" என்று கேட்டாள். கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி நான் உரக்கச் சொன்னேன்:

"மாமாவும் நாங்களும் போட்டது. தண்ணி நான்தான் குடுத்தேன். தெனம் சொம்பு சொம்பா!"

உள்ளே ஒப்பாரி ஒரு கணம் அறுந்தது. பெண்கள் நடுவிலிருந்து அம்மா எழுந்து ஓடிவந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. வந்த வேகத்துக்கு அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அவள் கை என் வாயைப் பொத்தியது. என்னை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, பெரியம்மாவையும் வாசலில் நின்ற எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்:

"கலருக்கு. கலரு கலக்கக் குடுத்திச்சி, கொழந்த. கலருக்குத்தான்."

ஆமாம், கலருக்குத்தான் என்று அந்தக் கைக்குள்ளேயே நானும் தலையாட்டினேன். அம்மா என்னை நம்பிவிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.