ஐந்தாவது அடி

என்னுடைய சின்னக் கீபோர்டில் ஒரே ஒரு கட்டையில் மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. ஓரம் கறுத்து, பசை கசிந்து, தூசி பிடித்துக் கிடக்கிறது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கீபோர்டுக்கும் பொட்டா என்று சிரிப்பார்கள். நானும் கூடவே சிரித்துவைப்பேன். அதை ஒட்டியவர் எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த அக்கா. அவரைப் பற்றி எழுத எத்தனையோ முறை உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துவிட்டேன். அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும், அதுதான் காரணம்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி பிரிவில் வேலை. ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்துவிட்டால் நான் இசையமைப்பாளன். வயலின் தெரியாது, புல்லாங்குழல் தெரியாது, ஆனால் இரண்டும் என் பாட்டில் வரும். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் வயலினை ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து வைத்திருப்பார். அந்தத் தொகுப்புக்குச் சாம்பிள் லைப்ரரி என்று பெயர். கணினியில் ஏற்றிக்கொண்டு கட்டையை அழுத்தினால் அவர் வாசித்தது என் அறையில் கேட்கும். இப்படித்தான் கல்யாண வீடியோக்களுக்குப் பின்னணி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ரொம்பக் கூர்மையான காது என்று ஒரு நினைப்பும் இருந்தது. எல்லாரும் வைத்திருக்கிற வயலின் நமக்கு எதற்கு, நம் பிரஸ் சத்தத்தையே ஒரு வாத்தியமாக்கினால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. அதற்கு ஒரு அடி போதாது. ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் போலி என்று காது கண்டுபிடித்துவிடும். ஒரே அடியை எட்டு முறையாவது தனித்தனியாகப் பதிய வேண்டும்.

ஆனால் எங்கள் ஷெட்டில் ஒரு பிரஸ்ஸின் சத்தத்தைத் தனியாகக் கேட்கவே முடியாது. அத்தனையும் ஒரே கூரைக்கடியில் இடிக்கும். எல்லார் காதிலும் அடைப்பான் இருக்கும், பேச்சு கை ஜாடையில்தான். வருடத்தில் ஒரே நாள், ஆயுத பூஜை அன்று மட்டும் அந்த இடம் அமைதியாக இருக்கும். மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு, பொரியை வாங்கிக்கொண்டு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். அக்காவை மட்டும் கெஞ்சி நிறுத்தினேன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஜூஜுவாடியில் குடியிருந்தவர். "மிஷினு சத்தத்தப் புடிச்சு இன்னா தம்பி பண்ணப் போற? எனக்குப் பஸ்ஸு போயிடும்" என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தார். அந்த பிரஸ் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒருசேர அழுத்தினால்தான் இறங்கும். கை அடியில் மாட்டிவிடக் கூடாது என்று செய்திருக்கும் ஏற்பாடு அது. எட்டுத் தகடு வைத்து எட்டு முறை அடித்தார். நான் கேட்டுக்கொண்டபடி ஒவ்வொரு அடிக்கும் பிறகு கையை எடுத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலையே அறையில் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டினேன். ஐந்தாவது அடிக்குப் பின்னால் மட்டும் சின்னதாக ஒரு "டொக்" இருந்தது. எனக்குக் கேட்டது. தாளத்துக்கு இடைஞ்சல் என்று, அடி முடிந்த இடத்தோடு கத்தரித்து மீதியைக் கேட்காமலே அழித்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பும் கீபோர்டுமாக அக்கா வீட்டுக்குப் போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் காதில் வைத்ததும், "அய்ய, என் மிஷினு பாடுது!" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். எந்தக் கட்டையை அழுத்தினால் சத்தம் வருகிறது என்று கேட்டு, நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அதில் ஒட்டினார். "மிஷினுக்கு வெச்சோம், இதுக்கு வெக்க வேணாமா?" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

பொங்கல் கழிந்த வாரம் அந்த பிரஸ் அக்காவின் வலது கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் வாங்க எங்கள் சூப்பர்வைசர் போனார். கெட்ட மனிதரில்லை. தாய்மொழி கன்னடம், தமிழ் கடைவீதியில் கற்றது. அக்கா அவரிடம், "நான் கைய விட்டுட்டேன் சார், அப்பறந்தான் அது எறங்குச்சு" என்றிருக்கிறார். பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டேன், அடித்த தகட்டை எடுக்கப் போகும்போது மிஷின் தானாக இறங்கியது என்பதுதான் அவர் சொன்னது. சூப்பர்வைசர் அதை, கையை உள்ளே விட்டுவிட்டேன் என்று புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதினார். அக்கா இடது கையால் கையெழுத்துப் போட்டார். தவறு ஆபரேட்டருடையது என்று அறிக்கை முடிந்தது. மறுநாளே அதே பிரஸ்ஸில் வேறொரு பெண்ணை உட்காரவைத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மெயின்டனன்ஸில் இருந்த பாய் இந்தப் பேச்சை எடுத்தார். "பட்டன வுட்ட பொறவு தானா ஒரு அடி எறங்கணும்னா கிளட்ச்சு தேஞ்சிருக்கணும்பா. அது திடீர்னு ஆவாது. அடிச்சிட்டு மேல போயி நிக்கறப்ப மாசக்கணக்கா சின்னதா ஒரு டொக்கு காட்டியிருக்கும். இந்தச் சத்தத்துல எவன் காதுல வுழும்?" என்றார். கையிலிருந்த டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அறைக்கு ஓடினேன். வெட்டிய துண்டு இல்லை, ஆனால் பதிவுக் கருவியில் அன்றைய முழுப் பதிவும் அப்படியே இருந்தது. ஹெட்போனை மாட்டினேன். நாலு அடி சுத்தமாகப் போனது. ஐந்தாவது அடி. அமைதி. அக்காவின் வளையல் சத்தம். அப்புறம் அந்த டொக். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "இன்னா தம்பி அது, ஏதோ தட்டுச்சே?" அதற்கு என் குரல், அவசரமாக: "ஒண்ணுமில்லக்கா, அடுத்ததப் போடுங்க."

இப்படி ஒரு பேச்சு நடந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதையேதான் சொன்னேன். அந்த டொக் ஒன்றே போதும், என் குரலுக்கு முன்னால் வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியதை மறைக்கப் போவதில்லை. கர்சரை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தும்விட்டேன். ஏற்கெனவே ஒருமுறை வெட்டியது கண்முன் வந்து நின்றது. லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு ஜூஜுவாடிக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய் சொன்னதைச் சொல்லிவிட்டு, ஹெட்போனை நான்தான் மாட்டிவிட்டேன். டொக் வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப நான் சொன்னது நெசந்தானே? நானா கைய உள்ள கொண்டுபோவலியே?" என்று கேட்டார். எல்லாரும் சொல்லிச் சொல்லி, தானே மறந்துபோய் உள்ளே விட்டுவிட்டோமோ என்று அவரே நம்ப ஆரம்பித்திருந்தாராம். அதன் பிறகு அழுதார். விரல் போனதற்கு அழாதவர் என்று வீட்டுக்காரர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை போடச் சொல்லிக் கடைசிவரை கேட்டார். "அன்னிக்கே நான் கேட்டிருக்கேன் பாரு தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏதோ ஆறுதல் போலச் சொன்னார்.

மறுநாள் காலை நானும் பாயும் மேனேஜர் அறையில் அதை என் குரலோடு முழுசாகப் போட்டுக் காட்டினோம். மத்தியானத்துக்குள் பிரஸ்ஸை நிறுத்தினார்கள். பாய் கிளட்ச்சைப் பிரித்து, அதற்குள் மழுங்கிப் போயிருந்த, சாவி என்கிற இரும்புத் துண்டைத் துணியில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். அறிக்கையைத் திருத்தி எழுதினார்கள். சூப்பர்வைசரே அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நான் இதுவரை கேட்கவில்லை. அக்கா இப்போது பேக்கிங் பிரிவில் இருக்கிறார். கேன்டீனில் பார்த்தால் பாட்டெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். நல்லா போகுதுக்கா என்பேன்.

இப்போது அந்தப் பொட்டு வைத்த கட்டையில் எட்டு அடியும் இருக்கின்றன. ஐந்தாவதை அக்காவின் கேள்வி முடியும்வரை வைத்திருக்கிறேன். என் பதில் அதில் இல்லை. எந்த அடி எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதபடி கலைத்துப் போடச் சொல்லி அமைத்திருக்கிறேன். வாசித்துக்கொண்டே போகும்போது திடீரென்று, இன்னா தம்பி அது, ஏதோ தட்டுச்சே என்று கேட்கும். நான் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுகிறேன்.