குரைக்காத வரைக்கும்

அந்த நாய்க்குக் குரைக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பெருமைக்காக இதை எழுதவில்லை.

அப்போது கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ் அறையில் வாடகைக்கு இருந்தேன். மேலே வீட்டுக்காரர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்குக் கண்டிக்கு வந்து, ஓய்வுபெற்றும் இங்கேயே தங்கிவிட்ட அங்கிளும் அவருடைய மனைவி அன்ரியும். நான் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பேராதனையில் படித்து முடித்து, டவுனில் ஒரு கணினி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் வந்து போகக் கூடாது, பாட்டு போடக் கூடாது, நாய் பூனை கூடவே கூடாது என்று அங்கிள் முதல் நாளே சொன்னார். தனியாக இருக்கிற பொம்பிளைப் பிள்ளைக்கு அறை கொடுக்க ஆள் கிடைப்பது பெரிய காரியம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அப்படித் தலையாட்டியவள்தான் அடுத்த வருடமே ஒரு நாய்க்குட்டியை லாப்டொப் பைக்குள் வைத்துக் கேட்டைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தேன்.

தெருநாய்களை எடுத்து வைத்தியம் பார்த்து வீடு தேடிக்கொடுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தேன். அதை நடத்தியவர் ஒரு சிங்கள ரீச்சர். நாங்கள் அக்கா என்போம், அவர் எங்களைத் தங்கச்சி என்ற பொருளில் நங்கி என்பார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாக்கடைக் கானுக்குள் ஒடுங்கிக் கிடந்த குட்டி, வாலில் பாதி இல்லை, இரண்டு கிழமைக்கு யாராவது வைத்திருக்க முடியுமா என்று போட்டிருந்தார். முழுதும் வாசிக்கும் முன்னரே "நான்" என்று தட்டிவிட்டேன். எதிலும் அப்படித்தான் நான்.

"நங்கி, இதுட்ட ஒரு நல்ல விஷயம் இருக்கு," என்று கையில் தரும்போது அக்கா சொன்னார். "சத்தமே போடாது. ஒரு தரம் கூட குரைக்கல்ல."

எனக்கு அதைவிட வசதியான நாய் உலகத்தில் ஏது?

தேயிலைத் தூள் நிறம். இரண்டு கையில் அடங்கும். வந்த அன்றைக்கே அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துகொண்டது. நான் அறையில் இருந்தால் சாப்பிடாது. குளிக்கப் போனால் சோறும் டின் மீனும் காணாமல் போயிருக்கும். விளக்குமாற்றைக் கண்டால் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். விளக்குமாற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, துணியால் தரையைத் துடைக்கத் தொடங்கினேன். விடியற்காலையில் பைக்குள் வைத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவேன். நான் வேலைக்குப் போகும் பகல்களில் குளியலறையில் பழைய பேப்பர்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "நாயி வளக்கவா ஒன்னய கெம்பஸுக்கு அனுப்பினோம்? இங்க லயத்துல பத்து நாயி சும்மா சுத்துது. ஒன்னு ரெண்ட கூட்டிட்டுப் போயிருக்கலாமே," என்றார். பின்னாலிருந்து அப்பா சிரிப்பது கேட்டது.

ஒரு கொப்பி போட்டேன். எத்தனையாம் நாள் மூக்கு வெளியே வந்தது, எத்தனையாம் நாள் கையிலிருந்து ஈரல் வாங்கியது என்று எல்லாம் அதில் இருந்தது. இருபத்தாறாம் நாள் என் காலில் தலை வைத்தது. அதற்கு மூன்று கோடு அடித்திருக்கிறேன். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பயந்த நாய்க்குக் குரல் திரும்பினால்தான் முழுதாகச் சுகம் என்று எங்கோ வாசித்துவிட்டேன். கதவை அடைத்துக்கொண்டு, நாலு காலில் நின்று, மெல்லிய குரலில் நானே அதற்குக் குரைத்துக் காட்டினேன். கணினி படிப்பிக்கிற மிஸ். குட்டி தலையைச் சரித்து என்னைப் பார்க்கும். அந்தப் பார்வையை இப்போதும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு கிழமை மூன்று மாதமானது. "நீங்களே எடுங்க நங்கி," என்றார் அக்கா. "படிவத்துல வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் வேணும்." வாடகைக்கு இருப்பவர்கள் நாயைச் சொந்தமாக எடுப்பதென்றால் அது குழுவின் கட்டாய விதி. வீட்டுக்காரர் துரத்திவிட்டதால் திரும்பி வந்த நாய்கள் அவரிடம் அவ்வளவு இருந்தன.

அந்தப் படிவத்தோடு இரண்டு தரம் மாடிப்படி ஏறினேன். முதல் தரம் அன்ரி கதிரை இழுத்துப் போட்டு, வடை தந்து, "எங்கட வீட்டுக்கு வந்த பிள்ளையளில நீர்தான் அமைதி," என்றார். வடையைத் தின்றுவிட்டு இறங்கினேன். இரண்டாம் தரம் அங்கிள் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை?" என்றார். தண்ணீர் வருவது குறைவாக இருக்கிறது என்றேன். தண்ணீர் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

தொண்ணூற்றிரண்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை. அங்கிள் குளித்து, வெறும் மேலில் திருநீறு பூசி, வழக்கம்போலப் பூசைக்குப் பூப் பறிக்க இறங்கியிருந்தார். என் யன்னலோரம்தான் செவ்வரத்தை மரம். கிளையை வளைக்க அவர் கை யன்னலுக்கு நேரே நீண்டது. குட்டி கட்டிலில் ஏறி, எனக்கு முன்னால் நின்று குரைத்தது.

இன்னும் பைக்குள் அடங்குகிற உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ. பூத்தட்டம் அவர் கையிலிருந்து விழுந்தது. நிலத்தில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்க முடியாது. நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் ஈர மண்ணில் கிடக்க, அவர் அவற்றைப் பார்த்தபடி நின்றார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். உண்மையைச் சொல்ல வேண்டுமே. குரைத்துவிட்டது, குரைத்துவிட்டது என்று மனம் குதித்தது. பயம் அதற்குப் பிறகுதான்.

அன்ரி இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை.

"பிள்ளை, நாய் நிக்கிறது எங்களுக்கு முதலே தெரியும். டின் மீன் மணம் மேல வரும்தானே. உம்மட பையும் அசையும்."

"தெரிஞ்சும் ஏன் அன்ரி ஒன்னும் சொல்லல?"

"அது சத்தம் போடேல்லை. கிடக்கட்டும் எண்டு விட்டம்." குட்டியிலிருந்து என் பக்கம் திரும்பினார். "உமக்கும் அப்பிடித்தானே அறை தந்தனாங்கள். தோட்டத்துப் பிள்ளை எண்டு இவர் முதல் யோசிச்சவர். சத்தமில்லாத பிள்ளை எண்டு நான்தான் சொன்னனான்."

நல்லது சொல்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். முகத்தில் கனிவுகூட இருந்தது. ஒரு கிழமைக்குள் நாயை அனுப்பிவிட வேண்டும், நான் இருக்கலாம் என்றார். "அது என்னுடையது" என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "அது என்னோடது இல்ல அன்ரி. கொஞ்ச நாளைக்குத்தான் வச்சிருக்கேன்."

குட்டி என் காலடியில்தான் நின்றது.

அந்தக் கிழமை முழுதும் அது எல்லாவற்றுக்கும் குரைத்தது. காகத்துக்கு, மேலே கதிரை இழுபடும் சத்தத்துக்கு, பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுக்கு. அதில் பதினொரு செக்கனைப் போனில் பதிந்தேன். கலகெதரவிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரக் குடும்பம் அக்கா வீட்டுக்குப் பார்க்க வந்தது. அந்த மனிதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "குரைக்குமா?" நான் போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். என் கெட்டித்தனத்தைக் காட்டுகிற அவசரம். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்கவே இல்லை. அன்றைக்கே குட்டியைக் கொண்டுபோனார்கள்.

தேங்காய்க் களஞ்சியத்து வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மனிதரே அக்காவுக்கு எடுத்துக் குறை சொன்னாராம். "குரைக்கும்னு காட்டித் தந்தீங்க. இது சாக்குக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு வாயே திறக்குதில்ல. காவலுக்கு ஆகாது, எடுத்துட்டுப் போங்க."

அன்றைக்கே அறையை விடுவதாக அங்கிளிடம் சொன்னேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவர் "ஓம், சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். அக்கா குட்டியைத் தன் வீட்டுக்குத் திரும்ப எடுத்துவந்தார். நான் மேலும் மூன்று கிழமை அலைந்து, ஒரு மோட்டார் கராஜுக்கு மேலே அறை பிடித்தேன். காலையிலிருந்து மாலை வரை இரும்பு வெட்டுகிற சத்தம். கராஜ்காரர் ஒரு வேனின் முன்மூடியில் படிவத்தை வைத்து, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். "நாயா? ஆனையக் கட்டினாலும் இங்க யாருக்குங்க கேக்கப்போகுது," என்றார். எடுத்த நேரம் அரை நிமிடம். இதற்குத்தான் நான் இரண்டு தரம் படியேறி இறங்கினேன்.

இப்போது குட்டி என்னுடையது. படிவத்தில் என் பெயர் இருக்கிறது. ஏழு மாதமாகிறது. கழுத்தைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு கோடு. அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போதுமான இடைவெளி விட்டிருக்கிறேன். நான் குளிக்கப் போகும்போது சாப்பிடுகிறது.

போன மாதம் ஒரு நாள், நினைவு வரட்டும் என்று, அந்தப் பதினொரு செக்கனைப் போட்டுக் காட்டினேன். தன் குரல்தான் அது. கேட்டதும் தரையோடு தரையாகப் படிந்து, அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது. ஈரமான தடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, போனிலிருந்து அதை அழித்தேன்.